லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு: சாலையும் செலவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கிய புதிதில் எல்லோரிடமிருந்தும் இரண்டு புலம்பல்கள் வரும். சாலை முழுக்க லாரியாக இருக்கிறது என்பது ஒன்று. வண்டி வைத்திருந்தால் காசு தண்ணீராய்க் கரைகிறது என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு விஷயம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். லாரியைப் பார்த்துப் பொறுமை இழக்கும் அதே வலது கால்தான் பெட்ரோலையும் பிரேக் பேடையும் டயரையும் தின்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. நண்பர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு இரண்டு வரி.

லாரிக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்?

மீட்டர் கணக்கு வேண்டாம், நொடிக் கணக்கு போதும். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே இடத்தைத் தாண்டும்போது குறைந்தது இரண்டு நொடி ஆகியிருக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் என்றால் மூன்று, நான்கு. மழையில் இன்னும் கூட. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். கைப்பேசியை ஒரு தடவை எட்டிப் பார்க்கும் நேரத்தில் இரண்டு பேருந்து நீளம் ஓடிவிடும்.

"லாரி நம்மைவிட மெதுவாகத்தானே நிற்கும், பின்னால் ஒட்டிப் போனால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. லாரி பிரேக் அடித்து நின்றால் அந்த வாதம் சரி. ஆனால் லாரி எப்போதும் பிரேக் அடித்துத்தான் நிற்கும் என்று யார் சொன்னது? முன்னால் நிற்கும் வண்டியில் மோதினால் உங்களுக்கு முன் ஒரு சுவர் எழுந்தது போலத்தான். அல்லது சாலையில் கிடக்கும் பெரிய கல்லைப் பார்த்து அது சட்டென்று ஒதுங்கும். கல் உங்கள் முன்னால் இருக்கும். அதுவரை உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரியின் பின்கதவு மட்டும்தான்.

உயரம் இன்னொரு சிக்கல். லாரியின் பின்பகுதி காரின் பானட்டுக்கு மேலே, கண்ணாடி மட்டத்தில் இருக்கும். மோதினால் பம்பரும் இன்ஜினும் அடியை வாங்காமல் உள்ளே புகுந்துவிடும், அடி நேராக முகத்துக்கு வரும். ஹாலிவுட் நடிகை ஜேன் மான்ஸ்பீல்ட் 1967-இல் இறந்தது டிரெய்லரின் பின்னால் கார் மோதிய விபத்தில்தான். லாரியின் பின்னால் தாழ்வாகத் தொங்கும் குறுக்குக் கம்பியை அமெரிக்காவில் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள்.

லாரி ஓட்டுநருக்கு நாம் தெரிகிறோமா?

பல நேரம் தெரிவதில்லை. இதை நான் கேள்விப்பட்டு நம்பவில்லை, பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒருமுறை சரக்கு இறக்கக் காத்திருந்த ஒரு டிரெய்லரின் ஓட்டுநர், "ஏறி உட்கார்ந்து பாருங்க தம்பி, அப்பத்தான் தெரியும்" என்று தன் இருக்கையைக் கொடுத்தார். மூன்று படி ஏற வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் ராஜா போல இருந்தது, ஊரே தெரிந்தது. பிறகு அவர் கீழே இறங்கி லாரியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றார். ஆள் காணாமல் போய்விட்டார். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். விரல் நுனி மட்டும் தெரிந்தது.

அதே போல ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவை ஒட்டிய இடம், வண்டிக்கு நேர் பின்னால், இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளிய பகுதி எல்லாம் இருட்டு. மோசமானது எதிர்ப்பக்கம்தான். அங்கே ஒரு கார் முழுதாக ஒளிந்துகொள்ளலாம். கூடுதல் கண்ணாடிகளும் கேமராவும் வந்த பிறகு நிலைமை மேல், ஆனால் எல்லா லாரியிலும் அவை இருப்பதில்லை.

லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. முகம் தெரிந்தாலும் அவர் அந்த நொடியில் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறார் என்று பொருளில்லை. அதனால் லாரியின் பக்கவாட்டில் சேர்ந்தே போகாதீர்கள். ஒன்று முந்துங்கள், இல்லை பின்னால் நில்லுங்கள்.

பிரேக் அடித்தால் லாரி எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

80 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், நல்ல கார் பிரேக் பிடித்த பிறகு சுமார் 35 மீட்டரில் நிற்கும். பாரம் ஏற்றிய கனரக லாரிக்கு 50 மீட்டர் வரை தேவைப்படும். போதாக்குறைக்கு ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியே கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு அரை நொடி வைத்துக்கொண்டால் இன்னும் 11 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துக் காலை மாற்றும் நேரம் தனி. எல்லாம் சேர்த்தால் 80 மீட்டரைத் தாண்டும். காலி லாரியாவது சீக்கிரம் நிற்கும் என்றும் நம்ப முடியாது. அதன் சஸ்பென்ஷனும் பிரேக்கும் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை. காலியாக ஓடும்போது சக்கரம் துள்ளும், வழுக்கும்.

லாரிக்கு முன்னால் ஒரு நீண்ட காலி இடம் இருந்தால் நம் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கும் சாலையாகத் தெரிகிறது. அது அவருடைய பிரேக். முந்தி முடித்ததும் அதில் பொசுக்கென்று நுழைந்து வேகத்தைக் குறைப்பது அவருடைய பிரேக்கைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். நடுக்கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுதாக, இரண்டு விளக்கும் சாலையும் சேர்ந்து தெரிந்த பிறகு தடத்துக்குத் திரும்புங்கள். திரும்பிய பிறகும் காலைத் தளர்த்தாதீர்கள்.

ஒற்றைத் தடச் சாலையில் லாரியை முந்த எவ்வளவு இடம் வேண்டும்?

நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். டிரெய்லர் 18 மீட்டர் நீளம், போகும் வேகம் 80. நீங்கள் 100-இல் போகிறீர்கள். பின்னால் 30 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, முன்னால் 30 மீட்டர் விட்டுத் தடத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் காரின் நீளத்தையும் சேர்த்தால் லாரியைவிட 82 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக 15 நொடி. அந்த 15 நொடியில் நீங்கள் 400 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரே 100-இல் வருகிறவரும் அதே அளவு வந்திருப்பார். அப்படியானால் தொடங்கும்போது 800 மீட்டருக்கு மேல் சாலை சுத்தமாகத் தெரிய வேண்டும்.

உங்கள் வண்டி 90-க்கு மேல் போகத் திணறும் வண்டியா? நேரம் இரட்டிப்பு. தேவைப்படும் சாலை ஒன்றரை கிலோமீட்டர். அவ்வளவு நேரான சாலை எத்தனை இடத்தில் இருக்கிறது?

சரி, முந்தி என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். அடுத்த 20 கிலோமீட்டரும் 80-க்குப் பதில் 100-இல் போக முடிந்தால் மூன்று நிமிடம் மிச்சம். வழக்கமாக அடுத்த லாரி இரண்டாவது கிலோமீட்டரில் காத்திருக்கும்.

லாரியே லாரியை முந்தி, கிலோமீட்டர் கணக்கில் வழியை அடைக்கிறதே?

எரிச்சலான விஷயம்தான், மறுக்கவில்லை. ஜெர்மானியர்கள் இதற்கு யானைப் பந்தயம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரிகளுக்கு 90 கிலோமீட்டரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு லாரி 90-இல் போக, முன்னால் ஒன்று 88-இல் போனால் வித்தியாசம் நொடிக்கு அரை மீட்டர் சொச்சம். இரண்டின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்துக் கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

எதற்கு இந்த அவசரம் என்றால், அவர் நேரமும் அளந்து கொடுக்கப்பட்டது. அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு வழக்கமாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர். நமக்கு ஒன்றுமில்லை, அவருக்கு அது லாரி நிறுத்துமிடம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம். இருந்தாலும், முந்தப்படும் லாரிக்காரர் ஒரு நொடி காலைத் தளர்த்தினால் எல்லோருடைய கோபமும் தணியும். அது நடப்பதில்லை என்பதுதான் என் புகார்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் லாரி ஏன் ஊர்ந்து போகிறது?

ஏற்றத்தில் பலம் போதவில்லை. 40 டன் லாரியில் 450 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தால் டன்னுக்கு 11 வருகிறது. 1.2 டன் கார், 80 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 67. நம்முடைய சின்ன கார்தான் பலசாலி.

இறக்கத்தில் ஊர்வது பயத்தால், அதுவும் நியாயமான பயம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அதனால் தாழ்ந்த கியரைப் போட்டு இன்ஜினையே பிரேக்காக வைத்து இறங்குகிறார்கள். மலைச்சாலை ஓரத்தில் மணலோ சரளையோ நிரப்பிய மேட்டுப்பாதை இருந்தால், பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கான இடம் அது. அங்கே காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

திரும்பும் முன் லாரி எதிர்ப்பக்கம் ஒதுங்கி இடம் விடுகிறதே, நுழைந்துவிடலாமா?

கூடாது. அது உங்களுக்காக விட்ட இடம் இல்லை. நீண்ட வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அந்த இடத்தில்தான் சைக்கிள்காரர்களும் பைக்காரர்களும் நசுங்குகிறார்கள். இண்டிகேட்டர் எந்தப் பக்கம் மின்னுகிறது என்று பாருங்கள், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காதீர்கள்.

பைக்கில் லாரியைத் தாண்டும்போது வண்டி ஆடுகிறதே?

லாரி தன் முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது லாரியின் மறைவில் இருக்கும்வரை நிம்மதியாக இருக்கும். அதன் மூக்கைத் தாண்டியதும் காற்று ஒரே அடியாக அறையும். எதிர்பார்த்துக்கொண்டு போனால் பாதி ஆபத்து குறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், பக்கவாட்டில் நிறைய இடம் விட்டுத் தாண்டுங்கள்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் மைலேஜ் கூடுமாமே?

கூடும். லாரி காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் உங்கள் வண்டிக்கு வேலை குறைவு. ஆனால் கண்ணில் படும்படி மிச்சம் வர வேண்டுமானால் ஆபத்தான அளவுக்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் முன்கண்ணாடியில் கல் தெறிக்கும், அவர் விளக்கு எரியும்போதெல்லாம் நீங்களும் பிரேக்கை மிதிப்பீர்கள். மிச்சம் பிடித்த பெட்ரோல் அங்கேயே போய்விடும். ஒரு முன்கண்ணாடி மாற்றிய செலவில் எனக்கு இந்த ஞானம் வந்தது.

வேகம் கூடினால் செலவு எவ்வளவு கூடும்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-இலிருந்து 120-க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, காற்றைத் தள்ளும் விசை 44 சதவீதம் கூடுகிறது. டயர் உராய்வு அந்த அளவுக்கு ஏறாது என்பதால் மொத்த எரிபொருள் 44 சதவீதம் கூடிவிடாது. ஆனாலும் நெடுஞ்சாலை வேகத்தில் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகிறது. கிடைப்பது 100 கிலோமீட்டருக்கு 10 நிமிடம். கூரை மேல் காலி கேரியரைப் பூட்டிக்கொண்டு திரிபவர்கள் இதே வரியைத் தினமும் கட்டுகிறார்கள்.

கார் ஒரு கிலோமீட்டர் ஓட உண்மையில் எவ்வளவு ஆகிறது?

பெரும்பாலோர் பெட்ரோல் விலையை மைலேஜால் வகுத்து ஒரு பதில் சொல்வார்கள். அது பாதிப் பதில்கூட இல்லை.

புது கார் என்றால் ஆகப் பெரிய செலவு அநேகமாக மதிப்புத் தேய்வுதான். யாரும் பில் கொடுப்பதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்கிய விலையை 100 பங்கு என்று வையுங்கள். ஐந்து வருடம் கழித்து 40 பங்குக்கு விற்கிறீர்கள். 60 பங்கு காற்றோடு போயிற்று. இந்த ஐந்து வருடத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பங்கு. 30,000 தான் ஓடியிருந்தால் இரண்டு பங்கு. வீட்டு வாசலில் நிற்கும் கார் காசு சாப்பிடுவதில்லை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். இதோடு காப்பீடு, வரி, கடன் வட்டி, நிறுத்துமிட வாடகை. இவையெல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். பெட்ரோல், டயர், ஆயில், பிரேக் பேட், சுங்கம் இவை ஓட ஓட வரும்.

கேள்வியைப் பொறுத்து கணக்கும் மாறும். கார் வாங்கலாமா, விற்கலாமா என்றால் எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். கார் ஏற்கெனவே இருக்கிறது, இன்று ரயிலில் போகலாமா காரில் போகலாமா என்றால் இரண்டாவது வகையை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் போட்டுக்கொண்டுதான் குடும்பங்களில் சண்டை வருகிறது.

சாலையைக் கெடுப்பது லாரி, வரி கட்டுவது நாமா?

முதல் பாதி உண்மை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைக்காகவே சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து வெவ்வேறு எடையுள்ள லாரிகளை வட்டமாக ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். சாலையின் தேய்மானம் ஓர் அச்சின் மேல் வரும் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்காக ஏறுகிறது என்பது அதில் தெரிந்தது. காரின் ஓர் அச்சில் முக்கால் டன், லாரியின் ஓர் அச்சில் ஏழரை டன் என்றால் எடை 10 மடங்கு. சேதம் 10,000 மடங்கு. சாலையின் வகையைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும், கதை மாறாது. ஓவர்லோடு ஏன் பெரிய குற்றம் என்பதும் இதில்தான் புரியும். 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் சேதம் இரட்டிப்பு.

அதனால் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப லாரியிடம் வசூலிப்பதே முறை என்று பல நாடுகள் முடிவு செய்தன. சுவிட்சர்லாந்து 2001-இல் எடை, தூரம், புகையின் அளவு மூன்றையும் பார்த்துக் கட்டணம் போட்டது. ஜெர்மனி 2005-இல் 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்குத் தொடங்கியது, 2024-இல் மூன்றரை டன்னைத் தாண்டிய வண்டிகள் வரை கொண்டுவந்தது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். லாரி தனக்காக ஓடவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, கையில் இருக்கும் கைப்பேசி, ஏன், அந்தக் காரே லாரியில்தான் வந்தது. லாரியிடம் வாங்கும் கட்டணம் சுற்றிச் சுற்றிப் பொருளின் விலையில் வந்து நிற்கும். ஆனாலும் அதுதான் நியாயம் என்பேன். நிறைய வாங்குகிறவர் நிறையக் கட்டுவார், காலி லாரியை ஓட்ட முதலாளி இரண்டு முறை யோசிப்பார்.

சரக்கை எல்லாம் ரயிலில் அனுப்பிவிட்டால்?

நீண்ட தூரத்துக்கு, மொத்தச் சரக்குக்கு நல்ல வழி. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள மிகக் குறைந்த விசை போதும். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சரக்கை ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்று சுவிஸ் மக்கள் 1994-இல் வாக்களித்தார்கள். 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்டார்ட் சுரங்கப்பாதையும் அந்த முயற்சியின் பகுதிதான். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு? லாரிதான்.

நான் லாரிக்கு இடம் விட்டால் எனக்கென்ன லாபம்?

40 டன் லாரி 80-இல் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 10 மெகாஜூல். அதை முழுக்க நிறுத்தினால் அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகப் போகும். மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர அரை லிட்டருக்கு மேல் டீசல் எரிய வேண்டும். நீங்கள் குறுக்கே நுழைந்ததால் அவர் நிற்க நேர்ந்தால் அந்த டீசல் அவர் கணக்கில் போகிறது. உங்கள் காருக்கு அதே நிறுத்தம் சுமார் 30 மில்லி பெட்ரோல், இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. சின்னதுதான். ஒரு பயணத்தில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் அனுபவப்பட்ட லாரிக்காரர்கள் பிரேக்கைக் கஞ்சத்தனமாகத்தான் தொடுகிறார்கள். இது நாம் திருடிக்கொள்ள வேண்டிய பழக்கம். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிட வேண்டும், கியரிலேயே விட வேண்டும். இன்றைய இன்ஜின்கள் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

இப்போதெல்லாம் சிக்னலை நெருங்கும்போது பக்கத்துத் தடத்து லாரியைப் பார்த்துக்கொண்டே போகிறேன். நூறு மீட்டருக்கு முன்பே அது மூச்சை விட்டது போல வேகம் இறங்கி, மெல்ல உருண்டு வருகிறது. என்னைத் தாண்டிச் சீறிப் போன கார்கள் கோட்டில் நின்று உறுமிக்கொண்டிருக்கின்றன. விளக்கு பச்சையாகிறது. லாரி நிற்கவே இல்லை, அப்படியே கடந்து போகிறது. நானும் அதன் பின்னால், நாலு நொடி தள்ளி.